காப்பியடிக்கும் பிள்ளைகளைக் கேலி செய்யாதீர்கள்

ஏப்ரல் 14 முடிந்த மறுவாரம் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விவாதம் தவறாமல் வரும். யாராவது ஒரு தோழர் ஏதோ ஒரு காலனி மேடையின் வீடியோவைப் போடுவார். "இன்னும் எத்தனை வருஷத்துக்கு காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பாட்டையே காப்பியடிப்பீங்க? சொந்தமா ஒரு பாட்டு எழுத வராதா?" என்று கேட்பார். கீழே நாலைந்து பேர் சிரிப்பு பொம்மை போடுவார்கள். வீடியோவில் பாடிய பிள்ளைகளில் ஒருவராவது அந்தக் குழுவில் இருப்பார். அவர் பதில் சொல்ல மாட்டார்.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கத்துக் காலனிகளிலும் கல்வராயன்மலையிலும் வேலை செய்கிற எங்களுக்கு அந்தக் கேலி உறுத்துகிறது. அந்தப் பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும். ஒருவர் பாலிடெக்னிக் முடித்துவிட்டு கல்யாண பேண்டு செட்டில் வாசிக்கிறார். ஒருவர் கல்லூரி இரண்டாம் ஆண்டு. கீபோர்டு இரவல், ரிதம் பேட் வாடகை, பறை மட்டும் சொந்தம். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் நடத்திய முதல் நிகழ்ச்சியின் பதிவுகளை யூடியூபில் பாதி வேகத்தில் ஓடவிட்டு, எந்த இடத்தில் டிரம்ஸ் நிற்கிறது, எந்த இடத்தில் கானா குரல் ஏறுகிறது என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அன்று மேடையில் ஒரே மாதிரி கோட்டு சூட்டு போட்டு 19 பேர் நின்றார்கள். கோட்டுக்கு நம் பிள்ளைகளிடம் காசு இல்லை. ஊதா நிறச் சட்டை ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள்.

ஏன் அந்த நிகழ்ச்சியையே அப்படியே செய்ய வேண்டும் என்று கேட்டபோது வந்த பதில் சாதாரணமானது. அது நடந்தபோது அவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. நேரில் போய்ப் பார்க்கவில்லை. இப்போது தங்கள் தெருவில் அதை நடத்திப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இந்த ஆசையில் கேலிக்குரியது எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை.

உலகத்தில் இந்த ஆசைக்கென்றே வாழ்கிற குழுக்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் என்றொரு ராக் குழு 1965இல் தொடங்கி 1995 வரை பாடியது. 2,300க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள். அதன் கிதார் கலைஞர் ஜெர்ரி கார்சியா 1995 ஆகஸ்டில் இறந்ததோடு அந்தக் குழு முடிந்தது. இரண்டே ஆண்டுகளில், 1997இல், சிகாகோவில் டார்க் ஸ்டார் ஆர்கெஸ்ட்ரா என்று ஒரு குழு கிளம்பியது. (நம்மூரிலும் மெல்லிசைக் குழுவை ஆர்கெஸ்ட்ரா என்றுதானே சொல்கிறோம்.) இவர்கள் கிரேட்ஃபுல் டெட்டின் ஏதாவது ஒரு பழைய நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வார்கள். அன்று எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு வந்ததோ அதே வரிசை. அந்தக் காலத்தில் மேடையில் எத்தனை பேர், யார் எங்கே நின்றார்கள், என்ன கருவி என்பதையும் முடிந்தவரை அப்படியே வைத்துக்கொள்வார்கள். கடைசியில்தான் மைக்கில் சொல்வார்கள்: நீங்கள் இப்போது கேட்டது இன்ன ஊரில் இன்ன தேதியில் நடந்த நிகழ்ச்சி என்று. கூட்டம் அதற்காகவே காத்திருக்கும்.

இவர்களை யாரும் காப்பிக்காரர்கள் என்று துரத்திவிடவில்லை. அசல் குழுவில் இருந்தவர்களே பல முறை இவர்களோடு மேடையேறியிருக்கிறார்கள். இந்தக் குழுவில் கார்சியாவின் இடத்தில் வாசித்த ஜான் கட்லெசிக், 2009இல் அசல் குழுவைச் சேர்ந்த பாப் வெய்ரும் ஃபில் லெஷும் தொடங்கிய புதிய குழுவுக்கே போனார். நகலெடுத்துப் பழகியவர் அசல் ஆட்களுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

அவர்களால் இது எப்படி முடிகிறது என்று யோசித்தால்தான் நம் பக்கத்து விஷயம் வருகிறது. கிரேட்ஃபுல் டெட் தன் ரசிகர்கள் நிகழ்ச்சியை ஒலிப்பதிவு செய்வதைத் தடுக்கவில்லை. 1984இலிருந்து பதிவு செய்ய வருகிறவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கினார்கள். காசுக்கு விற்கக் கூடாது, ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. இன்று அந்த நிகழ்ச்சிகள் ஆயிரக்கணக்கில் இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன. எந்தத் தேதியில் என்ன பாடினார்கள் என்று பட்டியல் இருக்கிறது. பட்டியல் இருப்பதால் மறுபடி நடத்த முடிகிறது.

நம்மிடம் என்ன இருக்கிறது? பாவலர் வரதராசனை எடுத்துக்கொள்வோம். பண்ணைப்புரத்தில் ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்து, பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடியவர். அவருடைய தம்பிகளில் ஒருவர்தான் பிறகு இளையராஜா ஆனார். பதின்ம வயதில் அண்ணனோடு அந்த மேடைகளில் பாடித் திரிந்ததை அவரே பல முறை சொல்லியிருக்கிறார். 1958இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில் பாவலர் பாடிய பாட்டுகள் தோட்டத் தொழிலாளர்களிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பது இன்றும் பேசப்படுகிற கதை. பலருக்கும் தெரிந்த சினிமா மெட்டை எடுத்துக்கொண்டு அதில் கூலி, நிலம், தேர்தல் என்று தன் சொல்லைப் போடுவார். மெட்டு இரவல், சொல் சொந்தம். இன்றைய வாட்ஸ்அப் தோழர்கள் அன்று இருந்திருந்தால் அவரிடமும் சொந்த மெட்டு எங்கே என்று கேட்டிருப்பார்கள். அப்படிப்பட்டவரின் ஒரே ஒரு நிகழ்ச்சியை, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, வரிசை மாறாமல் மறுபடி நடத்திக்காட்ட நம்மில் யாரால் முடியும்? நினைவுகள் இருக்கின்றன, அச்சில் கொஞ்சம் இருக்கிறது. ஒரு முழு இரவு இல்லை.

அவராவது பெயர் தெரிந்தவர். நம் தெருக்களில் ஒப்பாரி சொன்ன ஆயாக்கள், நடவில் பாட்டெடுத்தவர்கள், தெருக்கூத்தில் விடிய விடிய நின்றவர்கள் பாடிய இரவுகளுக்கு எந்தக் கணக்கும் இல்லை. இன்று இணையத்தில் 'கள்ளக்குறிச்சி' என்று தேடிப் பாருங்கள். 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தது வரும். 2022 ஜூலையில் கனியாமூரில் பள்ளி எரிந்தது வரும். கருணாபுரத்துத் தெருவில் வரிசையாக வைத்த உடல்களை எத்தனை கேமராக்கள் படம் பிடித்தன! அதற்கு முந்தைய மாதம் அந்த மாதிரித் தெருக்களில் பாடிய ஒரு பாட்டையாவது அவற்றில் ஏதாவது பதிவு செய்ததா? இந்த மாவட்டம் பிறந்ததே 2019 நவம்பரில்தான். அதற்குள் வெளியூர்க்காரர்களிடம் அதன் பெயருக்குச் சாவு மட்டுமே அர்த்தமாகிவிட்டது. இந்தப் பின்னணியில் நான்கு பிள்ளைகள் ஒரு மேடை நிகழ்ச்சியைத் தேதியோடு நினைவில் வைத்து அதை மறுபடி நடத்த நினைப்பதை நாங்கள் சின்ன விஷயமாகப் பார்க்கவில்லை.

இன்னொன்று. தமிழ்நாட்டில் காப்பியடிப்பது கேவலமான தொழிலாக எப்போது இருந்தது? ஏ.வி. ரமணனின் மியூசியானோவிலிருந்து லக்ஷ்மன் ஸ்ருதி வரை, சினிமாப் பாட்டை ரெக்கார்டில் இருக்கிற மாதிரியே மேடையில் வாசிப்பதுதான் மெல்லிசைக் குழுக்களின் பெருமை. 'அப்படியே எஸ்பிபி மாதிரியே இருக்கு' என்பதுதான் அங்கே கிடைக்கிற உச்சபட்சப் பாராட்டு. நம் மாவட்டத்தில் ஆடி மாதத்து மாரியம்மன் திருவிழாவில் ஆர்கெஸ்ட்ராவுக்கு அட்வான்ஸ் கொடுக்க ஊர்த்தெருவே வரி போட்டு வசூலிக்கும். அங்கே பாடுகிறவரிடம் யாரும் சொந்தப் பாட்டு கேட்பதில்லை. காலனி மேடை என்றால் மட்டும் புதுசாக, சொந்தமாக, புரட்சியாக எல்லாம் சேர்ந்து வேண்டும். நம்மவர்களே இப்படிக் கேட்பதுதான் வருத்தம். மற்றவர்களுக்குக் கிடைக்கிற சாதாரணச் சந்தோஷம்கூட நம் பிள்ளைகளுக்கு ஒரு காரணத்தோடு வர வேண்டும் என்று நினைக்கிறோம் போலிருக்கிறது.

அந்தத் திருவிழா மேடை எங்கே போடப்படுகிறது, அதை யார் எங்கே நின்று பார்க்கிறார்கள் என்பதை இங்கே விரித்து எழுத வேண்டியதில்லை. வாசிக்கிற உங்களில் பாதிப் பேர் அந்த ஓரத்தில் நின்று பார்த்தவர்கள்தான்.

உண்மையான சிக்கல் அனுமதியில் இருக்கிறது. ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி தரும்போது சென்னை உயர்நீதிமன்றம் பல வழக்குகளில் சில நிபந்தனைகளை விதித்திருக்கிறது. ஆபாச நடனம் கூடாது, நேரம் மீறக் கூடாது என்பவற்றோடு, கட்சி, மதம், சமூகம், சாதி ஆகியவற்றைத் தொடுகிற பாட்டோ ஆட்டமோ கூடாது என்பதும் ஒன்று. நோக்கம் புரிகிறது. சாதிப் பெருமைப் பாட்டுப் போட்டு கைகலப்பாகி, அதில் முதலில் அடிபடுவது நாம்தான். ஆனால் இந்த வரி காவல் நிலையத்துக்கு வந்து சேரும்போது என்ன ஆகிறது? 'சாதி' என்ற சொல் பாட்டில் இருக்கிறதா, அப்படியானால் கூடாது. சாதி வேண்டாம் என்று பாடினாலும் அது 'சாதிப் பாட்டு'தான்.

மறுபக்கம், 1992இல் வந்த தேவர் மகன் படத்துப் பாட்டு சினிமாப் பாட்டு என்ற பெயரில் எந்தத் திருவிழாவிலும் ஒலிக்கும். அதைப் பாடுகிற குழுவிடம் யாரும் பாட்டு வரிகளை எழுதித் தரச் சொல்வதில்லை. மாமன்னன் பாடல் வெளியீட்டு விழாவில், 2023இல், மாரி செல்வராஜ் அந்தப் படம் தனக்குள் ஏற்படுத்திய வலியைக் கமல்ஹாசனை வைத்துக்கொண்டே பேசியதும் எத்தனை வசவு வந்தது என்று நமக்கு நினைவிருக்கிறது. ஒரு சாதியின் பெருமை பொதுப் பாட்டாகிவிடுகிறது. சாதியே கூடாது என்பது ஒரு தரப்பின் பாட்டாகிவிடுகிறது. நம் பிள்ளைகளின் நகல் நிகழ்ச்சி இந்த இடத்தில்தான் மாட்டுகிறது. ஒரு ஊரில் மேடை போட்ட பிறகு, பட்டியலில் இருந்த பாட்டுகளில் பாதியை நிறுத்தச் சொன்னார்கள். மிச்ச நேரத்தை இரண்டு குத்துப் பாட்டு பாடி ஓட்டினார்கள். அந்த வீடியோவைப் பார்த்துத்தான் வாட்ஸ்அப்பில் ஒரு தோழர் "அம்பேத்கர் ஜெயந்திக்குக் குத்துப் பாட்டா" என்று கேட்டார்.

இதற்கு நாங்கள் சொல்கிற வழி ஒன்று உண்டு. மனுவை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். பாட்டுப் பட்டியலையும் வரிகளையும் தட்டச்சு செய்து மனுவோடு இணையுங்கள். அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்திருக்கிறது, 19(1)(அ) பேச்சுரிமை தந்திருக்கிறது, இந்தப் பாட்டுகள் அந்தச் சட்டம் சொல்வதையே சொல்கின்றன, எந்தச் சமூகத்தையும் புகழவோ இழிவு செய்யவோ இல்லை என்று இரண்டு வரி எழுதுங்கள். ரசீது வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் இருக்கிற மறுப்பை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போகலாம். வாய்மொழி மறுப்பை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பாட்டு எழுதியவர்களிடமும் ஒரு வார்த்தை அனுமதி கேட்டுவிடுங்கள். மேடையில் பாடும் உரிமை பற்றி 2017இல் இளையராஜா எஸ்பிபிக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது தெரியும்தானே. நம்மவர்கள் நோட்டீஸ் அனுப்ப மாட்டார்கள் என்பதற்காகக் கேட்காமல் இருப்பது சரியில்லை.

நகல் என்றால் எதையும் அப்படியே திரும்பச் செய்யலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பறையையே பாருங்கள். வடதமிழ்நாட்டில் பல ஊர்களில் நம் முந்தைய தலைமுறை, சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று அடிவாங்கிக்கொண்டு அதைக் கீழே வைத்தது. கூலியில்லாமல், மறுக்க முடியாமல் அடித்த அடி அது. அந்த இரவுகள் எதையும் 'அசல் மாறாமல்' மறுபடி நடத்த நமக்கு ஆசையில்லை. பிறகு திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்களும் புத்தர் கலைக்குழுவும் இன்னும் பலரும் அதே பறையை மேடைக்குக் கொண்டுவந்தபோது அடி அதேதான், இடம் வேறு. யாருக்காக அடிக்கிறோம் என்பதும் வேறு. மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்று நாம் அறிந்தவர், தன் பாட்டுகளைப் பாடுகிறவர்கள் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிப் பாட வேண்டும் என்று விரும்பியவர். நாட்டுப்புறப் பாட்டின் பலமே அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது என்பது அவர் கட்சி. டார்க் ஸ்டார் ஆர்கெஸ்ட்ரா அந்தப் பக்கம், அப்பாவு இந்தப் பக்கம். நம் பிள்ளைகளுக்கு இரண்டும் தேவை. முதலில் அச்சு மாறாமல் கற்றுக்கொள்ளட்டும். எட்டாவது மேடையில் யாராவது ஒருவர் ஒரு வரியைத் தன் ஊருக்கு மாற்றுவார். நாங்கள் பார்த்த குழுவில் அது ஏற்கெனவே நடந்துவிட்டது. ஒரு பாட்டில் மெட்ராஸ் வருகிற இடத்தில் கோமுகி ஆறு வருகிறது. அதைக் கேலி செய்த தோழர் கவனிக்கவில்லை.

மாறவே கூடாதது ஒன்று இருக்கிறது, பெயர். 2021இல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டை எழுதியவர் அறிவு, தீயோடு சேர்ந்து பாடியவரும் அவரே. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து எடுத்தது. அதே ஆண்டு ஒரு இசைப் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு அட்டையில் அவர் படம் இல்லை. 2022 ஜூலை 28 அன்று செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோது மேடையில் அவர் இல்லை. தீயும் கிடக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். மாரியம்மாள் அந்த மேடையில் நின்றது நமக்குப் பெருமைதான். ஆனாலும் பாட்டு தன்னை எழுதியவரை விட்டுவிட்டு எவ்வளவு சுலபமாக நடக்கத் தொடங்கியது! ஆகவே தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நாங்கள் வைக்கிற ஒரே கறாரான நிபந்தனை: ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் எழுதியவர், முதலில் பாடியவர், எங்கே எப்போது என்பதை மைக்கில் சொல்லுங்கள். இசைவாணி பாடிய பாட்டு என்றால் இசைவாணி என்று சொல்லுங்கள்.

மலைக்கு வருவோம். கல்வராயன்மலை 1970களின் நடுவரை ஜாகீர்தார்கள் பிடியில் கிடந்தது. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் உழைப்பும் அவர்களுக்கே போனது. இன்று வெள்ளிமலையில் தாலுகா அலுவலகம் இருக்கிறது, கரியாலூருக்குச் சுற்றுலா வருகிறார்கள். அரசு விழா மேடை என்றால் பொதுவாக எந்த மாவட்டத்திலும் ஒரே முறைதான்: விருந்தினர் வந்து இறங்கும்போது பழங்குடியினர் நடனம் பத்து நிமிடம், பிறகு உரைகள், பிறகு சமவெளியிலிருந்து வந்த இசைக்குழு. நடனம் ஆடியவர்களின் பெயரை யாரும் படிப்பதில்லை. மலையில் நாங்கள் சந்தித்த பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவின் பாட்டுகள் மனப்பாடம். தங்கள் பாட்டிகள் கல்யாணத்தில் பாடுவது முழுதாகத் தெரியாது. அது அவர்கள் தப்பில்லை. போனில் கிடைப்பதைக் கற்றுக்கொள்கிறார்கள், போனில் இல்லாததை எங்கிருந்து கற்பார்கள்? ஆனால் அந்தப் பாட்டு தலித்துகளாகிய நாம் எடுத்து நம் மேடையில் பாடுவதற்கு இல்லை. அவர்கள் பதிவு செய்யட்டும், அவர்களே வைத்துக்கொள்ளட்டும், கேட்டால் போனும் மைக்கும் கொண்டுபோய்க் கொடுப்பது நம் வேலை.

நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பரில் மார்கழியில் மக்களிசையைத் தொடங்கியபோது பறையும் ஒப்பாரியும் கானாவும் நல்ல ஒலியமைப்போடு மேடையேறின. நமக்கு அந்த வசதி இல்லை. இருக்கிறதைச் சொல்கிறோம். அடுத்த நிகழ்ச்சிக்கு ஒருவரைப் பாட்டு, ஆட்டம் எல்லாவற்றிலிருந்தும் விடுவித்துப் பதிவுக்கு மட்டும் வையுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் போன் வந்து பதிவு அறுந்துபோகும். ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் எதிரில் வைக்காமல் கொஞ்சம் தள்ளி, தலை உயரத்தில் கட்டுங்கள். தொடக்கத்தில் ஊர், தெரு, தேதி, பாடுகிறவர் பெயர்களைப் பேசிப் பதியுங்கள். பெயர் வேண்டாம் என்பவரின் பெயரை விட்டுவிடுங்கள். ஒரு நோட்டில் பாட்டு வரிசை. மழையோ, கரண்டு போனதோ, போலீஸ் வந்து எந்தப் பாட்டில் நிறுத்தியதோ, அதையும் அதே நோட்டில் நேரத்தோடு எழுதுங்கள்.

பாதியில் நிறுத்திய அந்த நிகழ்ச்சியின் பட்டியல் எங்களிடம் இருக்கிறது. பதினோரு பாட்டு, பாடியது ஐந்து. மிச்சம் ஆறு பாட்டுக்கும் சேர்த்து, அதே வரிசையில், இந்த முறை வரிகளை இணைத்து மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். சட்டம் படிக்கிற தோழர்கள் யாராவது ஒரு முறை படித்துத் திருத்தித் தந்தால் நல்லது.